தகட்டின் பின்புறத் தேதி

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தியாகு. பளபளப்பு வரும், ஆனால் எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். மெல்லிய துணியும் கொஞ்சம் விபூதியும் போதும். உங்கள் அருங்காட்சியகத்தில் இதைச் சொல்ல ஆளில்லை போலிருக்கிறது. இருந்திருந்தால், தேய்ப்பதற்காகத் தகட்டைத் தேக்குச் சட்டத்திலிருந்து கழற்றியிருக்க மாட்டீர்கள். பின்புறத்தைப் பார்த்திருக்கவும் மாட்டீர்கள்.

பண்டார் ஹிலிரிலிருந்து இந்த வெயிலில் சைக்கிள் மிதித்து காஜா பேராங் வந்திருக்கிறீர்கள். காப்பி கலக்கட்டுமா என்றேன். "இப்பதான் பசியாறிட்டு வந்தேன், ஐயா" என்றீர்கள். மணி மூன்று, காலைப் பசியாறும் நேரமில்லை. பரவாயில்லை, வற்புறுத்த மாட்டேன்.

தகட்டின் முன்புறத்தில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். 'கலியாணசுந்தரம் நினைவு இசை விருது, 1957. முதல் விருது பெற்றவர் பொன்னுதுரை.' அந்தப் பொன்னுதுரை நான்தான். செதுக்கியவனும் நான்தான். எங்கள் இசைச் சபையை மூடியபோது வேட்டியில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். பின்புறத்தில் ஊசியால் கீறிய தேதி ஒன்று இருக்கிறது: 23-8-57. ஜாலான் பெண்டஹாராத் தெருவில் செதுக்குக் கடை வைத்த நாளிலிருந்து எனக்கு அது வழக்கம். வக்கீல் வீட்டுப் பெயர்ப்பலகையானாலும் கோயில் குத்துவிளக்கானாலும், வேலை தொடங்கும் அன்று முதலில் பின்னால் தேதியைக் கீறிவிடுவேன்.

கலியாணசுந்தரம் இறந்தது ஆகஸ்டு 31. சாவதற்கு எட்டு நாள் முன்பே ஒருவருக்கு நினைவு விருது எப்படித் தொடங்கும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கை தவறித் தேதி மாறியிருக்கும் என்று நீங்களே எனக்கு ஒரு வழியும் காட்டினீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. ஆனால் இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு தேதியைக்கூடத் தப்பாகக் கீறியதில்லை. அந்தப் பேச்சை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

வரும் வழியில் புக்கிட் பாருவில் கலியாணசுந்தரத்தின் மனைவி மல்லிகாவைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும். 'என் கையாலதான் அவரு போனாரு' என்றிருப்பாள். ஒன்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கலியாணசுந்தரமும் நானும் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அவன் பாடுவான், நான் ஆர்மோனியம் வாசிப்பேன். அவன் மேல் எனக்கு உயிர். அதனால்தான் அவன் குரல் இறங்கியது வேறு யாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு மயிரிழை குறையும். கேட்பவர்கள் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு வலிக்கும். அந்தக் குரலோடு மெர்டேக்கா சுதந்திர விழா மேடையில் ஏறப்போகிறான். அது முடிந்ததும் கோலாலம்பூர் வானொலிக்குப் போகப்போகிறான் என்றால் என்ன ஆகும்? நாடு முழுக்கக் கேட்டுச் சிரிக்கும். வானொலியில் ஆர்மோனியத்துக்கு வேறு ஆள் இருக்கிறாராம். அதையும் அவன்தான் சொன்னான், வெற்றிலை மென்றுகொண்டே. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

பெயர் கெடுவதற்கு முன்னால் போய்விட்டால் பெயர் நிற்கும் என்று தோன்றியது. பெயர் நிற்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு விருது வேண்டும். நல்ல செதுக்கு வேலைக்கு மூன்று வாரமாவது ஆகும். அவசர வேலை எனக்குப் பிடிக்காது. ஆகவே முன்கூட்டியே தொடங்கினேன்.

கச்சேரி நாளில் பாடகரின் தொண்டைக்கு ஆர்மோனியக்காரர்தான் பொறுப்பு. எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம். அதிமதுரத்தை இடித்துப் பொட்டலமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மல்லிகா அதைச் சூடான பாலில் கலந்து கொடுப்பாள். அவள் கையால் கொடுத்தால்தான் அவன் குடிப்பான். அன்றைக்குப் பொட்டலத்தில் பாதிதான் அதிமதுரம். மீதி, கடையில் முலாம் பூச வைத்திருந்த சயனைடு மருந்து.

மத்தியானம் இரண்டு மணிக்குக் குடித்தான். மூன்றுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். சாயங்காலம் மேடை காலியாக இருக்கக் கூடாதே என்று அவன் பாட வேண்டிய பாட்டுகளை நானே பாடினேன். திடலில் அழாதவர்கள் இல்லை. மேல் ஸ்தாயியில் என் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள்.

அவன் வீட்டுக்குத் திரும்பியபோது மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, பால்ல ஏதாச்சும் விழுந்திருக்குமா? குடிச்ச ஒடனேதான் நெஞ்சப் பிடிச்சாரு."

"நீ என்ன, தெரிஞ்சா செஞ்ச தங்கச்சி?" என்றேன். "விடு. மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

இதைவிட ஆறுதலாக யார் என்ன சொல்லிவிட முடியும்? வாசலில் அவன் தம்பி சேதுபதி நின்று இதைக் கேட்டதை நான் கவனித்தேனா என்று கேட்கிறீர்கள். கவனித்தேன். அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டான் என்பது அவன் பாடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மூன்று வயதுப் பிள்ளை ஜெயாவைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "இவ கையால பிள்ள ஒரு வாய் சாப்பிடக் கூடாது" என்றான். மல்லிகா தடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் யாருக்கும் சமைத்துப் போடுவதில்லை. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கோயிலில் தாயைப் பார்த்தால் தூணுக்கு மறுபக்கம் போய் நின்றுகொள்கிறதாம்.

அதற்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்? விருது வைக்க வேண்டும் என்று சபையில் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். முதல் விருது எனக்கே என்றார்கள். மூன்று முறை வேண்டாம் என்றேன்.

நீங்கள் எழுதிக்கொண்ட தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கலியாணசுந்தரத்தை நான்தான் கொன்றேன். போலீஸில் காட்டுங்கள், சேதுபதியிடம் காட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மல்லிகாவிடம் மட்டும் வேண்டாம், தியாகு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் வீட்டுக்குப் போய், அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான் ஒருவன்தான். புருஷன் போனான், பிள்ளையும் போயிற்று. இனி அவளுக்கென்று இருப்பது இந்த அண்ணன் மட்டும்தான். அதையும் அவளிடமிருந்து பறிக்கிற அளவுக்கு எனக்குக் கல்மனசு இல்லை.