வழி கேட்க வந்த வேன்

— நாளைக்கு சர்ச்ல எழுந்து நின்னு சொல்லிடப் போறேன், மோயே அக்கா. பாஸ்டர் காணிக்கைப் பேரெல்லாம் படிச்சு முடிச்சதும்.

— என்னத்தச் சொல்லப் போற, பெனினா? அந்தச் சேம்பு இலைய இப்படி நீட்டு. கிழிஞ்சத எனக்குத் தள்ளாத, நாளைக்குத் தேங்காப்பால் ஊத்தினா எல்லாம் ஒழுகிடும். ம், சொல்லு. எனக்கெதுக்கு ஊர் வம்பு, இருந்தாலும் சொல்லு.

— என் கடனப் பத்தி.

— அதான் போன மாசமே தீந்துச்சே! மகளிர் குழு வீடு வீடா ஏறி எறங்கி ஆயிரத்து நூறு டாலா பணம் சேத்துச்சு. நானே பஸ் ஏறி ஆப்பியா டவுனுக்குப் போயி கடன் ஆபீஸ்ல அடைச்சுட்டு வந்தேன். "பெனினா இனிமே யாருக்கும் கடன்காரி இல்ல"ன்னு பாஸ்டர் சொன்னதும் கைதட்டு என்ன, பாட்டு என்ன! நீ அழுத அழுகையில பாட்டுக்காரங்க பாதிப் பேருக்குச் சுருதி போச்சு.

— அது சந்தோஷத்துல அழுததுன்னா நெனச்சீங்க?

— பின்ன?

— அக்கா, அந்தக் கடன் போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. நானே கட்டி முடிச்சேன்... என்னக்கா, இலையவே திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க?

— இலையில புழு. அதப் பாத்துக்கிட்டிருக்கேன். முடிஞ்சா முடிஞ்சதுன்னு அப்பவே சொல்ல வேண்டியதுதானே? அப்பா சாவுக்கு வாங்கின கடன், அதுல என்ன வெக்கம்? வந்த சனத்துக்குக் குடுக்க எட்டாயிரத்துக்குப் பாயும் பன்னியும் மீன் டின்னுமா எறக்கின. செத்தவருக்கே கூச்சமா இருந்திருக்கும்.

— சொல்லத்தான் நெனச்சேன். கடைசித் தவணை கட்டிட்டு பஸ்ல வரும்போது என்னென்னவோ ஆசைப்பட்டேன்க்கா. வீட்டுக்குள்ள ஒரு குழாய். மழையில பின்பக்கம் ஓடாம ஒரு கக்கூஸ். ஆக்லாந்துல மகளப் போயிப் பாக்க ஒரு டிக்கெட். பஸ்ஸ விட்டு எறங்குறேன், சித்தப்பா நிக்கிறாரு. யாருக்கோ கல்யாணம், சீருக்குப் பாய் குடுக்கணும், எரநூறு வேணும்னு. வாய் தானாச் சொல்லிருச்சு, "கடன் இருக்கு சித்தப்பா"ன்னு.

— பழக்க தோஷம்.

— "பாவம்மா நீ"ன்னு தலையத் தடவிட்டுப் போயிட்டாரு. நம்ம ஊர்ல சொந்தக்காரங்க வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? கடன்காரிய மட்டும்தான் விட்டுடுவாங்க. மூணு வருஷமா எனக்கு அதான் வேலி. அத நானே புடுங்கிப் போட மனசு வரல.

— கெட்டிக்காரிதான். எனக்குத் தோணாமப் போச்சே!

— கிண்டல் பண்ணாதீங்க. தம்பி ஃபிலிப்போ இருக்கானே...

— ம். அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ.

— முந்நூறு கேட்டான். கடன் இருக்குன்னேன். அரிசி டப்பாவுக்கு அடியில எழுநூறு இருந்துச்சுக்கா. அவன் போயி சினைப் பன்னிய வித்தான். அவனே போன மாசம் உங்க வசூல் கவர்ல...

— இருபது டாலா போட்டான். நான்தான் வாங்கினேன். "அக்காவுக்கே கழுத்து வரைக்கும் கடன், அவ எங்களுக்கு எங்கேருந்து செய்வா"ன்னு சொல்லிட்டுத்தான் போட்டான்.

— அந்த இருபத நெனச்சா சோறு ஒரு வாய் எறங்கல.

— சொல்லிட்டா மட்டும் எறங்கிடுமாக்கும்! ஊரு உன்ன மென்னு துப்பும். பஸ்ல உன் பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டா. ஆக்லாந்து வரைக்கும் போன் போகும். வேணாம்டி, விட்டுடு. என் வாய் தெறக்காது.

— உங்க வாயா?

— ஏன், என் வாய்க்கு என்ன?

— பாஸ்டருக்குப் பல் செட்டுன்னு அவர் பொண்டாட்டிக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஊருக்குச் சொன்ன வாய்க்கா அது.

— அது பொதுநலம். இது வேற.

— நான் வெறும் வாயால சொல்லப் போறதில்ல. அவங்கவங்க காச அவங்கவங்ககிட்டத் திருப்பிக் குடுத்துடணும். கடனே இல்லாத பேருக்கு அந்த ஆபீஸ்காரன் எப்படிப் பணம் வாங்கினான்? தப்பா வாங்கியிருக்கான். திங்கக்கிழமை போயிக் கேட்டா தந்துருவான்.

— தர மாட்டான்! கடன் ஆபீஸுக்குள்ள போன காசு வெளிய வந்து நீ எங்க பாத்த?

— நீங்களும் கூட வாங்க. உங்களுக்குப் பழக்கமானவங்கதானே? அவங்க வேன் ரெண்டு தடவ உங்க வாசல்ல நின்னுச்சே.

— அது... வழி கேக்க வந்தான்.

— நம்ம ஊருக்கே ஒரு ரோடு. அதுவும் கடல்ல போயி முடியுது.

— டிரைவர் புதுசுடி.

— ரெண்டாவது தடவையுமா? எறங்கி உள்ள வந்து உங்க ஃப்ரீசரச் சுத்திச் சுத்திப் பாத்தானே.

— அடுத்த வீட்ட எட்டிப் பாக்கறது என்ன பழக்கம்?

— உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான். இப்போ ஒரு மாசமா வேனக் காணோமே?

— வழி தெரிஞ்சிருக்கும்.

— சரி, அந்த ரசீத எடுத்துக் குடுங்க.

— எலி தின்னுருச்சு. மழையில வேற நனைஞ்சுது.

— நனைஞ்சப்புறம் எலி தின்னுச்சா, எலி தின்னப்புறம் நனைஞ்சுதா?

— பெனினா, இலை போதும்னு நெனக்கிறேன்.

— போதாது. உக்காருங்க. அன்னிக்கு ஆபீஸ்ல என் பேரச் சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன்டி. சத்தியமாச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணு கம்ப்யூட்டரத் தட்டிட்டு, "இவங்க போன வருஷமே முடிச்சுட்டாங்களே"ன்னா.

— அப்போ ஒரு மாசமா உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. நீங்க!

— கவரத் திருப்பிக் கொண்டாந்தா உன் மானம் போயிடுமேன்னு நெனச்சேன். மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். கதவு வரைக்கும் வந்துட்டேன். அப்போ அவளே கூப்பிட்டு, "வேற ஏதாவது கட்டணுமா அம்மா"ன்னு கேட்டா. நான் திரும்பிப் போயி நின்னேன். ஒவ்வொரு நோட்டா எண்ணி வெச்சேன்டி. ஃபிலிப்போ நோட்டுதான் கடைசி. பன்னி வாடை அடிச்சுது.

— அப்போ பணத்தக் கட்டிட்டீங்க. கட்டியிருந்தா அவங்ககிட்டயும் ஒரு காப்பி இருக்கும். திங்கக்கிழமை நானே போயி, பெனினான்னு பேரச் சொல்லித் தேடச் சொல்றேன்.

— அந்தப் பேரச் சொன்னாக் கெடைக்காது, தங்கம். ரசீது என் பேர்ல இருக்கு.