கைகட்டி நின்று கணினி கற்பித்த கணித ஆசிரியைக்கு

கணக்கில் கண்டிப்பும் கனிவில் தாராளமும் கொண்ட எங்கள் கணித ஆசிரியையே! பெற்றோர்கள் பிரியத்தோடு 'கைகட்டி டீச்சர்' என்று பெயர் சூட்டிய பெருந்தகையே! வணக்கம்.

விடைபெறும் விழாவில் வாழ்த்தி மட்டுமே வாசிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும் அம்மா, வயிறு எரிகிறது; எரிச்சலோடுதான் வாழ்த்தப் போகிறோம். தலைமை ஆசிரியரும் மேடையில்தான் அமர்ந்திருக்கிறார், இருக்கட்டும்.

வீட்டுப்பாடம், மதிப்பெண், வருகை, எச்சரிக்கை அத்தனையையும் பள்ளியின் இணையதளத்தில் ஏற்றிவிட்டு, கேட்க வந்த பெற்றோரை வாசலோடு திருப்பி அனுப்பிய காலம் அது. பேருந்து ஓட்டும் ஒரு தந்தை, ஒவ்வோர் அறிவிப்பின் கீழும் இருந்த 'பார்த்தேன்' என்னும் பொத்தானை, ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்றெண்ணித் தவறாமல் அழுத்தி வந்தார். அவற்றுள் ஒன்று, அவர் மகளைக் கணிதப் பிரிவிலிருந்து நீக்கும் அறிவிப்பு! பார்த்துவிட்டு மறுப்பு எழுதாவிட்டால் சம்மதம் என்பது பள்ளியின் விதியாம். என்ன அநியாயம்! அந்தப் பெண் புத்தகப் பையை அணைத்துக்கொண்டு வராந்தாவில் அழுதபடி நின்றாள்.

அப்பாவே சம்மதித்தாயிற்று, இனிப் பேச ஒன்றுமில்லை என்றார் தலைமை ஆசிரியர். ஆசிரியர் கூட்டத்தில் தாங்கள் மட்டும் எழுந்தீர்கள்.

"பார்த்தார் சார். புரிஞ்சுதான்னு யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மறுவாரமே அவள் தன் வகுப்புக்குத் திரும்பினாள்.

அத்தோடு விட்டீர்களா! உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த அறையைத் தாங்களே ஒழித்துப் பெருக்கி, ஓரங்கட்டிய கணினிகளுக்கு உயிர் கொடுத்து, மாலைதோறும் பெற்றோரை அவற்றின் முன் அமர்த்தினீர்கள். கடவுச்சொல்லை எங்கே இடுவது, பிள்ளையின் பாடம் எங்கே இருக்கிறது, ஆசிரியருக்கு எப்படி எழுதுவது என்று அவர்கள் தட்டுத் தடுமாறிய போதெல்லாம், கையைக் கட்டிக்கொண்டு வாயால் வழி சொன்னீர்களே தவிர, ஒரு நாளும் சுட்டியைத் தொட்டதில்லை. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிய தையற்கார அண்ணனுக்கு உதவ எங்களில் ஒருவர் கை நீட்ட, அந்தக் கையில் தாங்கள் போட்ட அடி இன்னும் வலிக்கிறதாம்!

இத்தனைக்கும் இந்தப் பள்ளி தங்களுக்குக் காட்டும் நன்றியைப் பாருங்கள்! தாங்கள் ஓய்வு பெறுவதால் அந்த அறை நாளை முதல் மூடப்படுமாம்; மறுபடியும் உடைந்த நாற்காலிகளுக்கே போகுமாம். இணையதளத்தில் பெற்றோருக்கு அறிவிப்பு வந்தது. கீழே அதே 'பார்த்தேன்' பொத்தான்.

ஆனால் இம்முறை அந்தப் பேருந்து ஓட்டுநர், பக்கத்தில் எவர் துணையுமின்றி, தம் கையாலேயே எழுதி அனுப்பினார்: "அறிவிப்பைப் பார்த்தேன். புரிந்தது. சம்மதம் இல்லை. அறை திறந்தே இருக்கட்டும்." அவரைத் தொடர்ந்து தையற்கார அண்ணன் எழுதினார், காய்கறிக் கடை அக்கா எழுதினார், மற்றவர்களும் எழுதிக் குவித்தார்கள். தலைமை ஆசிரியர் இதுவரை ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. ஒவ்வொன்றின் கீழும் 'பார்த்தேன்' என்று மட்டும் அழுத்தியிருக்கிறார்.

பார்த்துவிட்டு மறுக்காவிட்டால் சம்மதம் என்பதுதானே விதி! ஆகவே அந்த அறை நாளை மாலையும் திறக்கும். சாவி எங்களிடம் இருக்கிறது.

நின்று நின்று நோகும் அந்தக் கால்களுக்கு இனியேனும் ஓய்வு கிடைக்கட்டும்! நோய்நொடியின்றி, சிரிப்புக் குறையாமல், நெடுங்காலம் வாழ்க தாங்கள்! கையைக் கட்டிக்கொண்டு நிற்க இனி நாங்கள் இருக்கிறோம்.

சினம் தணியாத அன்புடன்,
தங்கள் சக ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்