ராக்கம்மா வீட்டு வாசலிலிருந்து எடுத்த படங்கள்

எனக்குப் படம் எடுக்க வராது. கைப்பேசியை நேராகப் பிடிக்கச் சொல்லித் தந்ததே அலுவலகத்துப் பெண்தான். உங்கள் மேசைமேல் இருக்கும் நாற்பத்தொரு படங்களில் பாதி சாய்ந்திருப்பதற்கு அதுதான் காரணம், ஐயா. வேறு உள்நோக்கம் இல்லை.

எல்லாம் ஒரே இடத்தில் எடுத்தவை. கோலா சாவாவில் பழைய தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு, ராக்கம்மா அக்காவின் வாசல். எதிரே ரப்பர் மரங்கள் நின்ற மேட்டில் இப்போது ஒரு சரக்குக் கிடங்கு நிற்கிறது. வானத்தை அடைத்த தகரச் சுவர், லாரிகள், விடிய விடிய எரியும் விளக்குகள். அதை அந்த வீடுகளின் கண்ணில் படாமல் மறைக்க மரம் நடும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. நான் மேற்பார்வையாளர். நிபந்தனை எளிமையானது. மாதம் ஒரு முறை வாசலில் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். கிடங்கு தெரியாத படம் எந்த மாதம் கிடைக்கிறதோ, அந்த மாதத்தோடு எங்கள் வேலை முடிந்தது.

நெட்டிலிங்கம் நட்டோம். ஆளுயரத்துக்கு வளர்ந்த மரங்களாகவே வாங்கினோம், இரண்டு வரிசை. நல்ல மரம். பக்கத்தில் பரவாது, மேலே போகும், யார் வம்புக்கும் போகாது. உங்களை மாதிரி என்று விமலா சொல்லியிருப்பாள். அவள் என் மனைவி, போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில். நான் லுக்குட்டில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தால் திங்கட்கிழமை வரை நான் வாய்விட்டுச் சொல்வது ஒன்றே ஒன்று, ரொட்டி சானாய்க் கடையில் கட்டிக்கொடுங்கள் என்பது.

முதல் மாதம் போனபோது அக்கா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது, ரப்பர் மரத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர்.

"யாரு தம்பி, கம்பெனிலேருந்தா? மொதல்ல உக்காருங்க லா. மரம் எங்க ஓடிப்போவப் போவுது?"

காப்பி வந்தது. கிணற்றுத் தண்ணீரில் போட்டது. குழாய்த் தண்ணீர் காப்பிக்கு ஆகாது என்பது அவர் கட்சி. நான் படம் எடுக்கும் நேரம் பார்த்து அவர் தம்ளரை நீட்ட, கை படத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டது. அழித்துவிட்டு வேறு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அடுத்த மாதமும் அந்தக் கை விழுந்தது. அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது.

அக்காவுக்கு வேண்டியதெல்லாம் தூக்கம். "அந்த லைட்டு வூட்டுக்குள்ள வந்து படுத்துக்குது தம்பி. நா கண்ண மூடி எத்தன நாளாச்சு. மரம் எப்பதான் ஒசரும்?" என்பார். மகள் ரோகினி சிரம்பானில் தன் வீட்டுக்கு வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். மரம் மறைக்கிறதா பார்ப்போம், மறைக்காவிட்டால் வருகிறேன் என்று அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

மரங்கள் நான் நினைத்ததைவிட வேகமாக வளர்ந்தன. பதினாலாவது படத்தில் கிடங்கின் கூரை மட்டும்தான் தெரியும், பாருங்கள். முதலாளி என் தோளில் தட்டினார். "இன்னும் ரெண்டு மாசம், சுகுமாறன். அப்புறம் நீங்க அந்தப் பக்கமே போக வேணாம்." அன்று எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் அப்பா நல்லசாமி தோட்டத்தில் மரத்துக்கு விஷம் வைக்கிறவர். பால் வற்றிய ரப்பர் மரங்களை மறுநடவுக்கு முன் கொல்ல வேண்டும். அதற்கு அந்தக் காலத்தில் ஒரு மருந்து இருந்தது, இப்போது கிடைக்காது. அவர் விட்டுப்போன சாமான்களில் அதில் ஒரு டின் இருந்தது. அப்பா ஞாபகமாயிற்றே என்று தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன்.

நான்கு மரங்களுக்கு மட்டும் வைத்தேன். வாசலுக்கு நேர் எதிரே நின்றவை. காய்ந்தன. பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டோம். அவை தலை தூக்கியதும் மறுபடி வைத்தேன். மண் சரியில்லை என்று அறிக்கையில் எழுதினேன். அக்கா தனியாக இருக்கிறாரே, மாதம் ஒரு முறையாவது பேச ஓர் ஆள் வேண்டாமா என்றுதான் நினைத்தேன்.

மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் எங்கே இறங்கும் என்று கேட்கிறீர்கள். கிணற்றுப் பக்கம்தான். முப்பது வருஷம் மண்ணில் வேலை செய்தவனுக்கு அது தெரியாது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூன்றாம் முறை மருந்து வைத்த பிறகு, எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது, டாக்டர் காப்பி கூடாது என்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். விடுவாரா? அடுத்த மாதம் சீனி போடாத காப்பி வந்தது. அவர் உள்ளே போன நேரத்தில் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். காலித் தம்ளரைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். அடுத்தவர் மனம் நோக நடப்பது எனக்குப் பழக்கமில்லை.

இருபத்தொன்பதாவது படத்திலிருந்து ஓரத்தில் இருக்கும் கையைக் கவனியுங்கள். கறுத்துக்கொண்டே வருகிறது. ஒருநாள் அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். தோல் தடித்து, கம்பு மணிகளை ஒட்டவைத்ததுபோல முண்டு முண்டாக இருந்தது.

"மரத்துப் போவுது தம்பி. தம்ளரப் புடிச்சா புடிச்ச மாரியே இல்ல. மவ கிளினிக்குக்கு வா வான்னு நிக்கிறா."

அந்தக் கைகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குக் கடைசி மூன்று வருஷம் அதே கைகள். சோறு பிசைந்து அவருக்கு ஊட்டியவன் நான்.

"பால்வெட்டுன கை அக்கா, நம்மாளுங்க எல்லாருக்கும் அப்படித்தான். தேங்கா எண்ண தடவுங்க, சரியாயிடும்," என்றேன். "இந்த மழையோட மரமும் மறைச்சிடும். இப்பப் போயி சிரம்பான்ல உக்காந்துக்கிட்டா எப்படி?"

"அதுவும் சரிதான்," என்று அவர் எண்ணெய் எடுக்க எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் சொன்னால் கேட்பார். மகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தென்ன, சிரம்பானில் அவரோடு உட்கார்ந்து பேச யாருக்கு நேரம் இருக்கும்? அங்கே போனால் தனியாகக் கிடப்பார் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

போன மாதம் நான் போனபோது வாசல் பெருக்காமல் கிடந்தது. இரண்டு நாளுக்கு முன் விழுந்துவிட்டாராம். ரோகினி வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தாள். ஐந்து நாளில் முடிந்துவிட்டது. ரத்தத்தில் என்ன இருந்தது என்பது உங்கள் காகிதத்தில் இருக்கிறது.

துக்கத்துக்கு அந்த வீட்டுக்குப் போனேன். பந்தலில் நாற்காலி போதவில்லை. அக்காவுக்கு இத்தனை மனிதர்களா என்று எனக்கு ஆச்சரியம். நான் வேலியோரம் நின்றேன். அப்போது எடுத்ததுதான் கடைசிப் படம். அதில் கை இல்லை.

ரோகினி என்னைத் தேடி வந்தாள்.

"நீங்கதான அந்த மரம் நடுற அங்கிள்? அம்மா உங்களப் பத்தி அடிக்கடி சொல்வாங்க. பாவம், போக்கிடம் இல்லாத மனுசன், அதான் கோப்பி போட்டு உக்கார வைக்கிறேன்னு. மரம் வளந்து உங்க வேலை முடிஞ்சாலும் மாசம் ஒருவாட்டி வரச் சொல்லணும்னு சொல்லிட்டே இருந்தாங்க."

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மருந்து வைத்தது நான். தண்ணீர் எங்கே போகும் என்று தெரிந்தே வைத்தேன். கையைப் பார்த்த பிறகும் வைத்தேன், அவரை டாக்டரிடம் போகவும் விடவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தப் பெண் சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அக்கா நல்ல மனத்தோடு சொல்லியிருப்பார். ஆனால் நீங்களே சொல்லுங்கள், ஒரு வேலையும் இல்லாமல் ஒருவர் வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது?