பத்தாவது வருகை

புது மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வரும். அதை யாரும் படிப்பதில்லை. உங்கள் வீட்டிலும் அது உறை பிரிக்காமல் பரண்மேல் கிடக்கும் சார். குறையாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவற்றை எழுதவைப்பதுதான் என் வேலை.

தேனாம்பேட்டையில் எங்கள் அலுவலகம். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின் விற்கிறோம். அழகான பொருள் அது. அறையின் காற்றை இழுத்து, மணல் போன்ற ஒன்றின் வழியாகத் தள்ளும். மணல் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் பெரும்பாலும் ஆக்சிஜன். அது குழாய் வழியாக மூக்குக்குப் போகும். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். உடனே கூடவே கொடுத்திருக்கும் சிலிண்டருக்கு மாற வேண்டும். சாவியால் சிலிண்டரைத் திறந்தால் மட்டும் போதாது. சிலிண்டர் தலையில் உள்ள மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதையும் திருப்ப வேண்டும். அப்போதுதான் அதில் மாட்டியிருக்கும் புட்டித் தண்ணீரில் குமிழி வரும். பார்த்தீர்களா, சொன்னால் ஒன்றுமேயில்லை. சொல்லாவிட்டால் தெரியாது.

இதைப் படத்தோடு விளக்கும் பக்கம் எங்கள் இணையதளத்தில் இருந்தது. எழுதியது என் பிரிவில் வேலை செய்யும் எஸ்தர், பாலவாக்கத்துப் பெண். அவள் வைத்த தலைப்பு 'கரண்ட் போச்சுன்னா'. நான் அதை 'மின்தடைக்கால மாற்று ஏற்பாடு' என்று திருத்தினேன். எழுத்துத் தமிழ் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

என் விதி எளியது. மாதம் பத்து முறைகூடத் திறக்கப்படாத பக்கம் பயனற்றது, எடுத்துவிட வேண்டும். மெஷினைத் துடைப்பது பற்றிய பக்கத்தை ஆயிரக்கணக்கில் திறக்கிறார்கள். எஸ்தரின் பக்கம் நாலைந்தைத் தாண்டவில்லை.

அவள் வாதாடினாள்.

"எல்லாரும் கரண்ட்னுதான் தேடுறாங்க சார். மின்தடைன்னு எவன் அடிப்பான்? மூச்சு வாங்கிக்கினு நிக்கிறவன் இலக்கணம் பாப்பானா?"

அவள் சொன்னது எனக்கு முன்பே தெரியும். தேடுகிற சொற்களெல்லாம் என் திரைக்கும் வரும். 'கரண்ட்' என்று அடித்தவர்களுக்கு 'எதுவும் கிடைக்கவில்லை' என்றே பதில் போய்க்கொண்டிருந்தது. தலைப்பை மாற்றினால் எண்ணிக்கை கூடும்தான். ஆனால் அது தலைப்பு சேர்க்கிற கூட்டம். அளவுகோலில் கை வைக்கக் கூடாது சார்.

"லிஃப்ட்டுல அலாரம் பட்டனை யாரும் அமுக்கலன்னு கழட்டிடுவீங்களா?" என்றாள்.

எத்தனை பேர் அமுக்குகிறார்கள் என்று தெரிந்தால் யோசிக்கலாம் என்றேன்.

பக்கத்தை எடுத்தேன். நியாயத்துக்கும் இடம் வைத்திருந்தேன். எடுத்த பக்கத்தின் தலைப்பு மட்டும் பட்டியலில் நிற்கும். யாராவது அதைத் திறக்க முயன்றால் அதுவும் எண்ணப்படும். பத்து சேர்ந்தால் திருப்பிப் போட வேண்டும். அதற்கு என் திரையில் ஒரே பொத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பாலவாக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. எஸ்தரின் அம்மா அவளுக்கு போன் செய்தார்.

"எங்க ஏரியால கரண்ட் இல்லியாம் சார். நம்ம மெஷின் அங்க ஒரு வூட்டுல கீது. அந்தப் பக்கத்தை மட்டும் போட்டுடுங்க."

பார்க்கலாம் என்றேன். நம்பிச் சாப்பிடப் போனாள்.

சற்று நேரத்தில் ஒரு முயற்சி வந்தது. மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் காட்டித்தான் எங்கள் தளத்துக்கு வருவார்கள். அதனால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். லூர்துசாமி, பாலவாக்கம். கீழே போன் எண். பக்கம் நீக்கப்பட்டது என்று அவர்களுக்குக் காட்டியிருக்கும். மறுபடி வந்தார்கள். நடுநடுவே தேடினார்கள்.

'கரண்ட் போச்சு'. பிறகு 'சிலிண்டர் எப்டி தெறக்கறது'. பிறகு 'பபுள் வரல'.

அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. சாவியைச் சரியாகத் திருப்பியிருக்கிறார்கள். மீட்டர்த் திருகு மட்டும்தான் பாக்கி. யாராக இருந்தாலும் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். தேடியது லூர்துசாமியின் மகள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

போனை எடுத்திருந்தால் ஒரு வாக்கியம். தெரியும் சார். ஆனால் ஒரு வீட்டுக்காக வளைத்தால் அது விதியல்ல. பொத்தானுக்கு மேல் அம்பை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தேன். எண் கூட வேண்டும் என்று மனதார விரும்பினேன். ஏழு ஆனது, எட்டு ஆனது. 'அப்பா ஒதடு நீலமா ஆவுது' என்று ஒரு தேடல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது.

எஸ்தர் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லூர்துசாமியைக் கொன்றது மின்தடை இல்லை, நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாவது வந்திருந்தால் அந்த நொடியே போட்டிருப்பேன்.

அவர்கள்தான் சார் நிறுத்திவிட்டார்கள்.