ஜாஹிரா படகுக்கு ஒரு சான்றிதழ்

எனக்கு டீ வேண்டாம், மேடம். கிளாஸின் அடியில் பழைய டீக்கறை அப்படியே இருக்கிறது. உங்கள் கான்ஸ்டபிளைக் குறை சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படி, அழுக்கு இருந்தால் வாயில் வைக்க மாட்டேன்.

உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே பத்தொன்பது வருடமாக மனு எழுதுகிறேன். முதலில் கையால் எழுதினேன், பிறகு டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். வியர்வையில் ஊறிய ஆதார் அட்டையை இடுப்பிலிருந்து உருவி நீட்டுவார்கள். ரேஷன் கார்டில் வெற்றிலைச் சாறு. நகத்துக்குள் சேறு. நான் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. மேஜையில் ஈரத்துணி வைத்திருப்பேன். விரலைத் துடைக்கச் சொல்லிவிட்டு மைப்பெட்டியைத் தள்ளுவேன், அவ்வளவுதான். ஸ்ரீகாந்த் எழுதிய மனு திரும்பி வராது என்று கடைத்தெருவில் சொல்வார்கள். போன வருடம் வரை அது உண்மையாகவும் இருந்தது.

ஹபீபுல்லா பாயை உங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை, காவாந்தண்டலம் பக்கம் ஏரியை ஒட்டித் தென்னந்தோப்பு. கடற்கரைப் பக்கம் யாரோ விற்ற பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறு பேர் உட்காரலாம், பின்னால் சின்ன மோட்டார். மீன் பிடிக்கவோ வாடகைக்கு விடவோ இல்லை. லீவு நாளில் குடும்பத்தோடு ஏரியில் ஒரு சுற்று வருவதற்கு. ஒன்பது வயது மகள் ஜாஹிராவின் பெயரை அதில் நீலப் பெயிண்டால் எழுதவைத்தார்.

பாய் ஒழுங்கானவர். தொந்தரவே அங்கேதான் ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் வாங்கிய அன்றைக்கே ஏரியில் தள்ளியிருப்பார்கள். இவர் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "பேப்பர் இல்லாம தண்ணில எறக்க மாட்டேன் சார். கொளந்தைங்க ஏறப் போவுது. கவர்மெண்டு பாத்து, சரினு சொன்னாதான்" என்றார். பேசிக்கொண்டே எச்சில் தொட்டு என் ஃபைலைப் புரட்டினார். அந்தப் பக்கங்களை அப்புறம் நான் மாற்ற வேண்டியிருந்தது.

படகுக்கு அதுவரை நான் பேப்பர் எழுதியதில்லை. விதிகளைப் படித்தேன், படிவத்தை நிரப்பினேன். தொடர்புக்கு என் போன் நம்பரையும் மெயிலையும் கொடுத்தேன். எல்லா மனுவுக்கும் அப்படித்தான் கொடுப்பது. ஆடி மாதம் சென்னையிலிருந்து ஒரு கவர்மெண்டு இன்ஜினியர் பரிசோதனைக்கு வந்தார். பாய்க்குக் கடையை விட முடியவில்லை, நான்தான் கூடப் போனேன். தோப்பில் வேலை செய்த சாமுவேல்தான் படகைக் கவிழ்த்துப் போட்டான். மானாம்பதி காலனிக்காரன், அதிகம் பேச மாட்டான், நன்றாக நீந்துவான். மோட்டார் ஓட்டவும் பாய் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

இன்ஜினியர் சின்னச் சுத்தியலால் படகின் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. பெயிண்டைச் சுரண்டினார். கை நீளத்துக்கு விரிசல். யாரோ அதற்குள் பட்டி வைத்து அடைத்து, மேலே வர்ணம் பூசியிருந்தார்கள். இன்ஜினியர் அதை எழுதிக்கொண்டு போனார். பத்தாவது நாள் என் மெயிலுக்குப் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்படுகிறது, அடித்தட்டு முழுவதையும் புதிதாகப் போட்டு மறுபடி மனு செய்யவும், அதுவரை படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

சாப்பாட்டில் முடி கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. பாயிடம் சொல்லியிருக்கலாம். அவர் வருத்தப்பட்டிருப்பார், படகைச் சரி செய்திருப்பார். ஆனால் அவர் அதற்குள் கடைத்தெரு முழுக்க, ஸ்ரீகாந்த் சார் கையில் கொடுத்துவிட்டேன், வந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தார். என் மனு திரும்பியது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். டீக்கடையில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தாலே உடம்பு கூசியது.

அதனால் நானே ஒரு சான்றிதழ் செய்தேன். வேறொரு படகின் சான்றிதழ் படம் இணையத்தில் கிடைத்தது. பெயர், எண், தேதி எல்லாம் மாற்றினேன். முத்திரைக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது. இரண்டு மத்தியானத்தில் முடிந்தது. மேடம், நீங்கள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்கள். எங்கேயாவது பிசிறு இருந்ததா?

மழையில் ஏரி நிரம்பியதும், பொங்கல் லீவில் அதை லேமினேட் செய்து நானே தோப்புக்கு எடுத்துப் போனேன். வந்துவிட்டது என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்ததால் பாய் காலையிலேயே படகைத் தண்ணீரில் இறக்கவைத்திருந்தார். பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் சட்டை ஈரம் என் கன்னத்தில் ஒட்டியது. மனைவி வகிதா, ஜாஹிரா, சொந்தக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பிரியாணி வந்திருந்தது. சாமுவேல் மட்டும் படகுக்குள் குனிந்து மக்கில் தண்ணீர் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அடியில கசிஞ்சிகினே கீது பாய்" என்றான். "காலைலேர்ந்து ரெண்டு வாட்டி மொண்டு ஊத்திட்டேன். இன்னிக்கு வாணாம்."

பாய் என்னைப் பார்த்தார். கவர்மெண்டு இன்ஜினியரே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று சொல்லிச் சான்றிதழைக் காட்டினேன். சாமுவேல் ஈரக் கையோடு அதை வாங்கினான். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, மேலிருந்து கீழே வரை நிதானமாகப் பார்த்தான். முத்திரையை வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்து, வாங்கிக் கைக்குட்டையால் துடைத்தேன்.

"அந்த இஞ்சினியரு வந்தப்ப நானுந்தான சார் இருந்தேன்" என்றான். "அவரு பாத்த பார்வைக்கு இப்டி எழுதிக் குடுத்திருக்க மாட்டாரே."

"ஒனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டேன். சத்தம் போடவில்லை.

அவன் வாதாடவில்லை. பாய் அந்தத் தாளை நம்பினார், குழந்தைகளை ஏற்றினார். அவர்கள் ஏறியதும் இவனும் ஏறினான். நீங்கள் போங்கள், நான் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் அவனைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றவில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நடு ஏரிக்குப் போனதும் அடி பிளந்துவிட்டது. நான் கரையில் தட்டோடு நின்றிருந்தேன். முதலில் மோட்டார் சத்தம் நின்றது, பிறகு படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. எதிர்க்கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் குதித்து வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சாமுவேல் வகிதாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் இழுத்துக் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொள்ள வைத்தான். பாயின் கையை எடுத்துப் படகு விளிம்பில் வைத்தான். ஜாஹிராவைக் காணவில்லை. அவளைத் தேடி உள்ளே போனான். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தாள். கீழேயிருந்து இரண்டு கை அவளைத் தூக்கிப் பிடித்திருந்தது. வந்தவர்கள் அவளை வாங்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு நீந்தினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள்.

சாமுவேலை வேறு இரண்டு பேர் என் பக்கம் கொண்டுவந்து கிடத்திவிட்டு, மற்றவர்களை மீட்கத் திரும்ப ஓடினார்கள். நான்தான் அவனோடு இருந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. போலீஸ் வரும், படகுக்குப் பேப்பர் எங்கே என்று கேட்கும் என்று எனக்குத் தோன்றியது. என் பை தோளில் இருந்தது. அதில் வெள்ளைத் தாளும் மைப்பெட்டியும் எப்போதும் இருக்கும். இறந்தவனை யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கட்டைவிரல் ரேகையை எடுத்துக்கொண்டு, அவன் விரலில் மை தெரியாமல் துடைத்துவிட்டேன்.

மறுநாள் அந்த ரேகைக்கு மேலே ஒரு உறுதிமொழி அச்சடித்தேன். ஸ்ரீகாந்த் சார் கொடுத்தனுப்பிய மனுவை நானே சென்னைக்குக் கொண்டுபோனேன், சான்றிதழை நானே வாங்கி வந்தேன், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று. பாயிடம் காட்டினேன். இவன் யாரோ புரோக்கரைப் பிடித்துப் போலியாக வாங்கி வந்து என்னிடம் கொடுத்திருக்கிறான் போல, அந்தப் பயத்தில்தான் அன்றைக்கு வேண்டாம் என்று தடுத்தான் என்றேன். பாய் அதை மூன்று முறை படித்தார். தன் மகளைத் தூக்கிப் பிடித்தவன்தான் அவளை மூழ்கடிக்கவும் பார்த்தான் என்று நம்புவது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்பினார். எழுதியதை நம்புகிறவர். அடக்கத்துக்குப் போகவில்லை. அவன் மனைவி பரிமளாவைத் தோப்பு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். காலனியிலேயே சிலர் அவளோடு பேச்சை விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து பரிமளா என் கடைக்கு வந்து அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்றாள். துணியை நீட்டினேன், கையைத் துடைத்துக்கொண்டாள். படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"எங்க வூட்டுக்காரு பத்தாவது பாஸு சார்" என்றாள். "சர்ச்சுல பைபிள் வாசிக்கறது அவருதான். கையெழுத்துப் போடுவாரு. கைநாட்டு வெக்கற ஆளு இல்ல."

என் கடையில் அவன் இரண்டு முறை கைநாட்டு வைத்திருக்கிறான் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அவன் அம்மாவின் பென்ஷனுக்கு ஒரு முறை, வீட்டு மனைக்கு ஒரு முறை.

"நீங்க மையத் தள்ளினீங்க, அவரு வெச்சாரு" என்றாள். "வூட்டுக்கு வந்து சொன்னாரு. அந்த சார் கேக்கவே இல்ல, நானும் சொல்லல, பாவம் அவருக்கு அவசரம்னு."

அன்றைக்குத் தாளை அவள் போனில் படம் எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். சர்ச் ரிஜிஸ்டரில் அவன் போட்ட கையெழுத்துகளை நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். அழகான கையெழுத்து. எனக்குத் தெரிந்திருந்தால் அதைப் பார்த்தே போட்டிருப்பேன்.

நீங்கள் எழுதியிருக்கும் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன், மேடம். ஒரே ஒரு இடம் திருத்த வேண்டும். 'சடலத்தின் கட்டைவிரலில் ரேகை எடுத்தேன்' என்று போட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதை வைத்துத்தான் எழுதினீர்கள், உங்கள் தவறு இல்லை. ஆனால் தப்பான விவரம் உள்ள தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அவனுக்கு மூச்சு இருந்தது. மூக்கிலும் வாயிலும் நுரை வந்துகொண்டிருந்தது. நுரையில் பாசியும் சோறும். ஒரு பக்கமாகப் புரட்டி வாயைத் துடைத்து, மூச்சு நின்றால் வாயில் வாய் வைத்து ஊத வேண்டும். தெரியும். தாலுகா அலுவலகச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்த வாயைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது. யாரையும் கூப்பிடவும் இல்லை. விரலைத் துடைக்க முடிந்தது. கைக்குட்டையால் நகக்கண் வரை சுத்தமாகத் துடைத்து, மையில் ஒற்றி, தாளில் உருட்டினேன். அவன் கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தான். நான் கையை எடுக்கப்போனபோது அவன் விரல்கள் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு விட்டுவிட்டான்.

பலவந்தமாக எடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சம்மதம் இல்லாமல் ஒருவன் அப்படிக் கையைப் பிடித்துக்கொள்வானா, மேடம்?