கஸ்பருக்குப் போர்த்திய பொன்னாடை

லண்டன் வாழ் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய ஓர் அறிவித்தலை இத்தால் வெளியிடுகிறேன்: மோர்டனில் என் கடையில் மீன் வாங்குவதானால் வெள்ளிக்கிழமை காலையில் வாங்குங்கள். பின்னேரம் வருகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

பிள்ளை, இதையும் பொலிஸ் ஒபிசருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ. பஸ்தியாம்பிள்ளை எப்பேர்ப்பட்ட ஆள் என்று அவருக்கு விளங்கவேணும். என் மீன் பழசென்றால் பழசென்று நானே சொல்லிவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் கோயில் பங்குத் தமிழ்ச் சங்கத்துக்குக் கனகாலமாக நான்தான் தலைவர். வருசா வருசம் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அந்தப் பொன்னாடையை வாங்கிக் கொடுக்கிறவனும் நான்தான். அது வேறு விசயம்.

கஸ்பர் என் கடையில் மீன் வெட்டினவன். ஜெர்மனியில் சரிவராமல் இங்கே வந்தவன். இங்கேயும் ஒன்றும் சரிவரவில்லை. பாரை மீனை வெட்டச் சொன்னால் விரலை வெட்டுவான். சட்டன் ஊருக்கு அங்காலே ஒரு பறவைக் காப்பகம் இருக்கிறது. எண்ணெய்க் கப்பல் உடைந்து கடல் நாசமானபோது காப்பாற்றிய ஒரு சோடி ஆபிரிக்கப் பெங்குயின் அங்கே நின்றது. அந்த இனமே அழிந்துகொண்டு வருகிறதாம். அவற்றுக்கு மீன் கொடுக்க ஓடர் கிடைத்ததும், கையில் கத்தி இல்லாத வேலை என்று கஸ்பரைக் கடை வான் வண்டியில் அனுப்பினேன். அனுப்பினது நான். இதை நீங்கள் கட்டாயம் எழுதவேணும்.

பெங்குயின் இரண்டும் அவனுக்குப் பின்னால் திரிந்தன. காப்பகத்துத் துரைசாணி அதைக் கண்டு, "இவருக்கு விசேட வரம் இருக்கிறது" என்று வேலையும் கொடுத்துவிட்டா. வரமாம். அவனில் மணத்தது என் கடை நெத்தலி.

அதற்குப் பிறகு கோயிலில் அவன் பெங்குயின் கஸ்பர். சுவாமியார் பிரசங்கத்தில், "படைப்பைக் காக்கும் நம் சகோதரன்" என்றார். நான் இத்தனை வருசம் கோயிலுக்கு இலவசமாக மீன் கொடுத்திருக்கிறேன். மீனும் படைப்புத்தான். ஒருவரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை.

அதையும் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் வீட்டுக்குப் போனால் என் மனைவி அருள்மலர் குட்டியாக ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறா. அந்த நீல நூல் எனக்குத் தெரிந்த நூல்.

"எனக்குப் பின்னின சட்டை எங்கை?"

"அதைக் குலைச்சுத்தான் பின்னுறன். நீங்கள் ஹீற்றருக்குப் பக்கத்திலை இருக்கிற ஆள்தானே. அதுகள் பாவம், குளிர்."

"அருள், அதுகள் பெங்குயின்."

"அதுக்கு? கஸ்பர் தம்பியும் வேண்டாமெண்டுதான் சொன்னவர். அவருக்குக் கேக்கக் கூச்சம்."

இருபது வருசத்தில் என் கூச்சத்தை அவ ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

பிறகு அந்தப் பெங்குயின் ஒரு முட்டை இட்டது. சங்கம் அவசரமாகக் கூடியது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கிற ஆட்களா நாங்கள்? அடுத்த ஞாயிறே பாராட்டு விழா, குஞ்சுக்குக் கஸ்பர் என்று பெயர், வருகிற வருசத்துத் தலைவர் பதவியும் கஸ்பருக்கு. செயலாளர் மெற்றில்டா என்னைப் பார்த்து, "அண்ணை, பொன்னாடை வழமைபோல நீங்கள்தானே?" என்றா.

ஓம் என்றேன். சாப்பிட மீன் ரோல்சும் நானே பொரித்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை மீனை நானே கொண்டுபோனேன். "வாங்கோ அண்ணை, நீங்கள் எங்கட ஆள்தானே" என்று கஸ்பர் கூட்டடிக்கே கூட்டிப்போனான். பிறகு எனக்குத் தேத்தண்ணி போடப் போய்விட்டான். அவன் தேத்தண்ணி போட நேரம் எடுப்பான் என்பது எனக்குத் தெரியும். மீன் கையுறையைப் போட்டுக்கொண்டு முட்டையை எடுத்தேன். தாய் ஒருதரம் கொத்தியது. கூட்டை வெறுமையாக விடவில்லை, ஒபிசர். என் கடையில் விற்கிற பெரிய வாத்து முட்டை ஒன்றை, பொக்கற்றில் சூடாக வைத்திருந்து, அந்த இடத்தில் வைத்தேன். தாய் என்னைப் பார்த்துவிட்டு அதன்மேல் ஏறி இருந்தது. ஒரு தாயின் மனதைப் புண்படுத்தக்கூடாது என்பதில் நான் எப்போதும் கவனம்.

கஸ்பரின் தேத்தண்ணியையும் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது.

வீட்டில் முட்டையை அவித்தேன். பெங்குயின் முட்டையின் வெள்ளைக் கரு அவிந்தாலும் வெள்ளையாவதில்லை, கண்ணாடிபோல நிற்கும். குஞ்சு ஏதும் உருவாகியிருக்குமோ என்று பயந்துதான் வெட்டினேன். ஒன்றுமில்லை. சுத்தமான மஞ்சள் கரு. ஆண்டவர் என் பக்கம் என்று நினைத்தேன். நன்றாக மசித்து, மிளகு போட்டு, ஒரேயொரு ரோல்சுக்குள் வைத்துச் சுருட்டினேன்.

விழா நன்றாக நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். நானே என் கையால் கஸ்பருக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவன் அழுதான். அழுதுகொண்டிருந்தவனுக்கு நானே அந்த ரோல்சைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். முழுக்கச் சாப்பிட்டான்.

"அண்ணை, இண்டைக்கு உங்கட ரோல்ஸ் ஒரு தனி ருசி."

"உனக்கெண்டு செய்தது, தம்பி."

அருள்மலர் பெருமையாக என்னைப் பார்த்தா. வெகுகாலத்துக்குப் பிறகு பார்த்தா.

ஒரு மாதம் கழித்துப் பெங்குயினின் கீழே வாத்துக்குஞ்சு பொரித்தது. பெங்குயின் கூட்டடிக்குப் போய்வரக்கூடிய, வாத்து முட்டையும் விற்கிற ஆள் இந்த ஊரில் எத்தனை பேர்? நீங்கள் நேரே என் கடைக்கு வந்தது நியாயம். ஓம், எடுத்தது நான். அவித்தது நான். அவன் காப்பாற்றினதை அவனுக்கே தின்னக் கொடுத்ததும் நான்தான். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிப்போடாதேங்கோ. கஸ்பரிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? எனக்கு உறுத்துகிறது ஒன்றுதான்: அழிகிற இனத்தில் ஓர் உயிரைக் குறைத்துவிட்டேன். அந்தப் பாரத்தை நான் சுமப்பேன். பெரிய மனிதர்கள் சுமக்கிறதுதான்.

ஒபிசர் என்ன சொல்கிறார், பிள்ளை?

முட்டையை விழாவுக்கு முதலே விளக்கில் பிடித்துப் பார்த்தவனாம் கஸ்பர். அதற்குள் குஞ்சு இல்லையாம். கருக்கட்டாத முட்டையாம். ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, மண்டபம் புக் பண்ணியாகிவிட்டது என்றானாம்.