ரெண்டு கிண்ணமும் ஒரே சிவப்பு

இல்லீங்க ஜார்லத், ஏணிக்காகக் கூப்பிடல. ஏணியை வர்ற வாரம் திரும்ப வாங்கிக்கறேன். ஜன்னல்ல நின்னு ரெண்டு கையையும் ஆட்டினதும் பயந்துட்டீங்களா? குப்பைத் தொட்டியை அப்படியே நடுரோட்டுல விட்டுட்டு ஓடி வந்திருக்கீங்க. பரவால்ல, அதை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. உள்ள வாங்க. அந்த நாற்காலியில இருக்கற எலும்புக்கூட்டை எடுத்துத் தரையில வெச்சிருங்க. எங்க வீட்டுக்காரர் டோனலோட மாமான்னு சொல்லித்தான் இன்னிக்கு ராத்திரி பேய் வேஷப் பார்ட்டிக்கு வர்றவங்களுக்கு அறிமுகப்படுத்தப் போறோம். ஜாடை இருக்குல்ல? அந்தத் தாடையைப் பாருங்க.

விஷயம் ஒண்ணும் பெருசில்ல. உங்க மூக்கு எனக்கு அஞ்சு நிமிஷம் வேணும்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். மேஜை மேல ரெண்டு கண்ணாடிக் கிண்ணம் இருக்கு பாருங்க. சூனியக்காரி ரத்தம்னு பேரு வெச்சிருக்கேன். பயப்படாதீங்க, கருந்திராட்சை சர்பத்து, ஆரஞ்சு ஜூஸ், கிராம்பு போட்டுக் காய்ச்சின சர்க்கரைப் பாகு, அதுக்கு மேல இஞ்சி சோடா. மிதக்கறதா? கண்ணுங்க. லிச்சிப் பழத்துக்குள்ள ஒரு புளூபெரியைச் சொருகினா கண்ணு. நாப்பது கண்ணு சொருகினேன், காலையிலேர்ந்து. நடுவுல வெள்ளையா கை மாதிரி இருக்கறது ஐஸ்தான். ரப்பர் கையுறையில தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சது. சுண்டுவிரல் ஒடஞ்சு போச்சு, ஆனா அதுவும் நல்லாத்தான் இருக்கு, வெட்டின மாதிரி.

ஒரு கிண்ணம் பிள்ளைங்களுக்கு. இன்னொண்ணுல ஒரு முழு பாட்டில் ரம் இருக்கு.

எதுலன்னுதான் தெரியல.

ஆமா, தெரியல. அப்படிப் பாக்காதீங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு நான்தான் மெனக்கெட்டுச் செஞ்சேன். உங்களுக்கென்ன, கோட்டுல அந்தத் திரு இருதய பேட்ஜைக் குத்திட்டு வந்தா, சரி, இவரு சத்தியம் பண்ணினவரு, குடிக்க மாட்டாருன்னு விட்டுருவாங்க. மத்தவங்க இந்த ஊர்ல ஒரு டம்ளர் ஜூஸை நிம்மதியாப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியுமா? பொம்பளைன்னா மாசமா இருக்கியான்னு கேப்பாங்க. ஆம்பளைன்னா என்ன மாத்திரை சாப்பிடறேன்னு கேப்பாங்க. ரெண்டும் இல்லேன்னா என்னடா, தவக்காலமா, அக்டோபர்லயாம்பாங்க. அதான் யோசிச்சேன். ரெண்டு கிண்ணத்துலயும் ஒரே சிவப்பு, ஒரே கண்ணு, ஒரே கை. யாரு எதைக் குடிக்கறாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல யோசனைதானே? நாலு மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது.

நாலு மணிக்கு என்னாச்சுன்னா, ரம்மை ஊத்திட்டு நான் கொல்லைப்பக்கம் போயிட்டேன். டோனல் இருக்கான் பாருங்க, அந்த நேரம் பாத்து மேஜைக்குச் சிலந்தி வலை விரிப்பு போடறேன்னு ரெண்டு கிண்ணத்தையும் தூக்கித் தரையில வெச்சு, விரிச்சு, திரும்ப எடுத்து வெச்சிருக்கான். நல்ல மனுஷன். எது எங்க இருந்ததுடான்னா, என்னது, ரெண்டும் ஒண்ணுதானேங்கறான். காரை எடுத்துட்டுக் கிளம்பிட்டான். வேலை செய்யற இடத்து ஆளுங்களை ஸ்டேஷன்ல ஏத்திக்கிட்டு ஆறரைக்கு வருவான். பிள்ளைங்க அஞ்சரைக்கே வந்துரும். வரிசை வீட்டுப் பிள்ளைங்க பதினொண்ணும் இங்க ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சிட்டுத்தான் பேய் வேஷத்துல மிட்டாய் கேட்டு வீடு வீடாக் கிளம்பும். இப்ப மணி அஞ்சேகால்.

கொல்லையிலயா? சும்மா, காத்து வாங்க.

மழைதான் பெய்யுது. மழையில காத்து வராதா?

சரி, வாங்க, மோந்து பாருங்க. அம்பத்திரண்டு வருஷம் ஒரு சொட்டு தொடாத மூக்கு. நம்ம தெருக்கோடியில எவனாவது மூடியைத் திறந்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிருமே. குனியுங்க. இன்னும் கொஞ்சம். மூக்கு நனைஞ்சாலும் தப்பில்ல.

என்ன?

ரெண்டும் இருமல் மருந்து மாதிரி இருக்கா. கிராம்பைக் கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேன். இன்னொரு தடவை பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு. இல்லியா? சே.

தீக்குச்சி கிழிச்சுப் பாத்தாச்சு. ரம் இருந்தா எரியும்னு நினைச்சேன். ரெண்டுலயும் குச்சிதான் அணைஞ்சது. அதோ, அந்தக் கண்ணுக்குப் பக்கத்துல கருப்பா மிதக்குதே, அதான்.

நானா? நான் குடிச்சுப் பாக்கறதா?

எனக்குப் பல் வலி, ஜார்லத். கடவாய்ப் பல்லு. இனிப்பு பட்டா உயிர் போகுது.

ஒரு சொட்டுதான், நுனி நாக்குலதான், தெரியும். அதுவும் சளி பிடிச்சிருக்கா, நாக்குல ருசியே தெரியல. காலையில முட்டை தின்னேன், அட்டையைத் தின்ன மாதிரி இருந்தது. போதாததுக்கு டாக்டர் ஒரு மாத்திரை குடுத்திருக்கார், அதோட ஒரு சொட்டு கூட ஆகாதாம்.

ஒரே ஆளுக்கு எத்தனை வியாதின்னா? நீங்க தபால்காரரா இருந்தீங்களா, போலீஸ்ல இருந்தீங்களா? முப்பது வருஷம் லெட்டர் குடுத்துட்டு, இப்பத்தான் பிரிச்சுப் படிக்க ஆரம்பிச்சிருக்கீங்க.

ரொட்டி ஒரு துண்டு சாப்பிடறீங்களா? மோதிரம் வெச்சுதான் சுட்டிருக்கேன். போன வருஷம் மோதிரம் யாரு துண்டுல வந்தது, சொல்லுங்க? உங்களுதுலதானே. வருஷத்துக்குள்ள கல்யாணம்னு எல்லாரும் கை தட்டினோம். இன்னும் ஒரு ராத்திரி மிச்சம் இருக்கு, ஐயா. மருந்துக்கடை வின்னி கேட்டுக்கிட்டே இருக்கா. காது சிவந்துருச்சு பாருங்க. கிண்ணத்தை விட நல்ல சிவப்பு.

கொட்டிரலாங்கறீங்களா? ரெண்டையும்?

கொட்டலாம். சர்பத்து தீந்து போச்சு, அது பரவால்ல. ஆனா டோனல் வந்து என்ன சொல்வான்? அந்த ரம் அவன் தேடிப் பிடிச்சு வாங்கினது. ஏன் கொட்டினேன்னு கேப்பான். தெரியலன்னுதான் கொட்டினேன்னா, ஏண்டி, ஒரு வாய் குடிச்சுப் பாத்தா தெரிஞ்சிருக்குமேம்பான். நீங்க கேட்ட அதே கேள்விதான். அவன்கிட்டப் பல்வலின்னு சொல்ல முடியாது. நேத்துத்தான் அவன் எதிர்லயே ஒரு டாஃபிப் பொட்டலத்தைக் காலி பண்ணேன்.

அவன் வர்ற வரைக்கும் மூடி வெச்சிடலாமா? வெச்சாலும் என்ன ஆகும் தெரியுமா? வந்ததும் கரண்டியை என்கிட்டதான் நீட்டுவான். உன் கைப்பக்குவம், நீ பாரு நுவாலான்னு. எல்லாரும் சுத்தி நிப்பாங்க. அவங்க முன்னாடி...

நானும் சத்தியம் பண்ணினவதான், தெரியுமா? பன்னெண்டு வயசுல, துவாம் ஊர்க் கோயில்ல, பிஷப் முன்னாடி எழுந்து நின்னு, பதினெட்டு முடியற வரைக்கும் தொடமாட்டேன்னு. வகுப்பே சேந்து சொன்னோம், வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு. எது வரைக்கும் தாங்குச்சுன்னு கேக்காதீங்க. பதினஞ்சு.

என்ன பண்றீங்க?

ஜார்லத், நீங்க குடிச்சுப் பாக்க வேணாம். கரண்டியை வைங்க. விளையாடாதீங்க. கோட்டைக் கழட்டி வெச்சிட்டா பேட்ஜுக்குத் தெரியாதாக்கும்? வைங்கன்னு சொல்றேன்ல. அம்பத்திரண்டு வருஷம், பக்கத்து வீட்டுக்காரியோட ஒரு கிண்ணத்துக்காகவா? விடுங்க. கையை விடுங்க.

பாருங்க, விரிப்பெல்லாம் ஆயிடுச்சு. உங்க சட்டையிலயும் தெறிச்சிருச்சு. குத்துப்பட்ட மாதிரி இருக்கீங்க. இன்னிக்கு யாரும் கேக்க மாட்டாங்க, விடுங்க.

உக்காருங்க. நானும் உக்காரறேன்.

பல்லு நல்லாத்தான் இருக்கு. சளியும் இல்ல, மாத்திரையும் இல்ல. ரம்மை ஊத்தும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலைப் பாத்துட்டே ஊத்தினேன். பாட்டில் காலியானதும் வெளிய ஓடிட்டேன். கையில அந்த வாசம் இருந்தது. மழைத்தண்ணியில கழுவிக்கிட்டு, கிண்ணத்துக்கிட்ட திரும்பிப் போகாம இருக்கணுமேன்னு துணிக்கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தொடாம இன்னியோட பத்தொம்போது நாள். உங்க கணக்குக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. ஆனா என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்.

டோனலுக்குத் தெரியாது. நிறுத்தினது தெரியாது. அதுக்கு முன்னாடி, அவன் வேலைக்குக் கிளம்பின கையோட எவ்வளவு உள்ள போச்சுங்கறதும் தெரியாது. பாட்டில் இருந்தது துண்டு மடிச்சு வெக்கற அலமாரியில, அடித்தட்டுல. அவன் என்னிக்குத் துண்டு மடிச்சான், தெரியறதுக்கு? ராத்திரி எல்லாரும் போனதும் சொல்லிடறேன். இல்ல, வந்ததுமே சொல்லிடறேன். ஏன் கொட்டினேன்னு அவன் கேக்கட்டும், சொல்லிடறேன்.

இல்லீங்க, நான் அழல. கிராம்பு.

சரி, எந்திரிங்க. நீங்கதான் கொட்டணும், ரெண்டையும். குழாயை நல்லாத் திறந்து விட்டுக் கொட்டுங்க, வாசம் மேல வராம. கண்ணையெல்லாம் பொறுக்கிட்டு நிக்காதீங்க, போகட்டும். ஜன்னலைத் திறந்து வெச்சிருங்க. பிள்ளைங்களுக்குச் சூடா சாக்லேட்டுப் பால் போட்டுக் குடுத்துக்கலாம், சேத்துக்குழி ரத்தம்னு ஏதாவது பேரு வெச்சா குடிச்சிட்டுப் போகும்.

நான் வாசல்ல நிக்கறேன். முடிஞ்சதும் குரல் குடுங்க, ஜார்லத். நீங்க கூப்பிடாம நான் உள்ள வரமாட்டேன்.